லோரிக்காரர் கோத்த பாசி வளையல்

பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?” என்பதுதான். என் அம்மா முந்திக்கொண்டு, “டாக்டருங்களுக்குப் பக்கத்துலயே வேலைங்க” என்றார். எனக்குப் பொய்யே வராது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். “கை அடிபட்டு வர்றவங்களுக்குப் பாசிமணி கோக்கச் சொல்லிக் குடுக்கிறேன் அங்கிள்” என்று உளறிவிட்டேன். மாமனார் பலகாரத் தட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். உள்ளே பெண் சிரித்தது எனக்குக் கேட்டது. நல்லவேளை, சிரித்த பெண்ணையே எனக்குக் கட்டிவைத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. சென்ற மாதம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த பிரிவிலிருந்து அழைத்தார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டு விரலை மடக்கினால் திரையில் மீன் நீந்தும், நீட்டினால் வாயைத் திறக்கும். நானும் மாட்டிப் பார்த்தேன். அருமையான கருவி. என் காலத்தில் இருந்திருந்தால் பாதி நோயாளிகள் வீட்டுக்கே போயிருக்கமாட்டார்கள். அங்கே இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் கேட்டாள்: “சார், ஸ்டோர்ல டப்பா டப்பாவா பாசி இருக்கு. அத வெச்சு நீங்க உண்மையில என்னதான் செஞ்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்.”

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலைக்கு மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் நீண்ட பெயர்கள் உண்டு. தமிழில் சுருக்கமாகச் சொன்னால், அறுவை சிகிச்சை செய்பவர் கையை ஒட்டவைப்பார். நாங்கள் அந்தக் கையை மறுபடி வேலைக்கு அனுப்புவோம். பக்கத்திலுள்ள மேரு தொழிற்பேட்டைகளிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வரும் கைகள்தான் எங்களுக்கு அதிகம். இயந்திரம் நசுக்கியது, கண்ணாடி அறுத்தது, கதவிடுக்கில் மாட்டியது. தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, விரல் அசைய ஆரம்பித்ததும் அந்தக் கை சின்னச் சின்ன வேலைகளை மறுபடி கற்க வேண்டும். அதற்குத்தான் பாசி.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தகத்தில் எலும்பு, நரம்பு, தசை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன், பரீட்சை எழுதினேன், பாதியை மறந்தேன். வேலை கற்றது மிஸ் இராசரத்தினத்திடம்.

மிஸ் எங்கள் பிரிவின் தலைவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்த ஊரை விடவில்லை. மெலிந்த உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சத்தம் போடாத செருப்பு. திட்டமாட்டார். பின்னால் வந்து நிற்பார். அவர் நிற்பது தெரிந்ததும் நமக்கு நாம் செய்யும் தப்பு தானாகவே தெரிந்துவிடும். அந்த மாதிரி ஒரு மேலதிகாரி.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், ஒரு நோயாளியின் கையிலிருந்து பாசி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. நல்ல பிள்ளையாகக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“பரமு, நீர் எடுத்துக் குடுத்தா, நாளைக்கு அவற்றை வீட்டையும் போய் நிண்டு எடுத்துக் குடுப்பீரோ?”

அன்றிலிருந்து விழுந்த பாசியை நான் தொட்டதில்லை. விழவிட்டவர்தான் தேட வேண்டும், நகத்தால் கிளப்பி எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பயிற்சி அந்தத் தேடலில்தான் நடக்கும். பார்ப்பவர்கள் எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

முறை இதுதான். தட்டில் பழைய துவாலையை விரிப்போம், பாசி ஓடாமலிருக்க. முதலில் பெரிய மரப் பாசியும் காலில் போடும் சப்பாத்தின் கயிறும். பிறகு பட்டாணி அளவு, பிறகு மிளகு அளவு, கடைசியில் கடுகு அளவுக் கண்ணாடிப் பாசி. அதற்கு மயிர் போல மெல்லிய ஊசி வேண்டும். நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோக்கக் கூடாது; மெழுகுவத்தியில் இழுத்து விறைப்பாக்கிக்கொள்ள வேண்டும். நூலின் முனையில் ஒரு பாசியைக் கோத்து, அதே பாசிக்குள் நூலை இன்னொரு சுற்று விட்டு இறுக்கினால் அது நகராது. மற்றவை அதைத் தாண்டி வெளியே ஓடாது. அதற்குக் காவல்மணி என்று பெயர் வைத்திருந்தோம். வரிசையைக் கோத்து முடித்தபின் ஊசியைத் திருப்பி, வந்த வழியே சில பாசிகளுக்குள் விட்டு, இரண்டு பாசிகளுக்கு நடுவே முடிச்சுப் போட்டு, மறுபடி உள்ளே விட்டு நறுக்க வேண்டும். முடிச்சு கண்ணில் படக் கூடாது. ரப்பர் நூல் கிடையவே கிடையாது. “ரப்பர் இழுபடும், பிழைய மறைச்சுப் போடும்” என்பார் மிஸ்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. ஊசியைத் தொடும் முன்பே மிஸ் கேட்டுவிடுவார்: “ஆருக்கு?”

யாருடைய கைக்கு இந்த வளையல்? அந்தக் கையின் அளவை நூலில் எடுத்துவர வேண்டும். அளவு வராமல் ஊசி கிடையாது. எனக்கு இது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு புரிந்தது. சும்மா கோக்கிற கை சீக்கிரம் களைத்துப்போகும். ஒருவருக்காகக் கோக்கிற கை, வலித்தாலும் இன்னொரு வரிசை போடும். கிள்ளான் பாசாரில் கடை போட்டு இறைச்சி வெட்டும் ஒரு சீனர், பெருவிரல் நரம்பு அறுபட்டு வந்தவர், “என் மாமியாருக்கு” என்றார். வாரக் கணக்கில் அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டே அவ்வளவு அழகாகக் கோத்தார். மாமியார் அதைக் கழற்றுவதே இல்லை என்று பிறகு வந்து குறைபட்டுக்கொண்டார்.

இனி தனபால் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலைக் காலத்திலேயே என்னை அதிகம் உலுக்கிய நோயாளி அவர்தான்.

துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டியவர். ஆள் கதவு அகலம். கொள்கலனின் இரும்புக் கதவு அவருடைய வலது கையை நசுக்கிவிட்டது. மற்ற விரல்கள் தப்பின. மோதிர விரல் தப்பவில்லை. இரண்டு முறை அறுவை செய்தும் அது மரக்கட்டையாகவே நின்றது. மடங்காது, உணர்ச்சி கிடையாது. மற்ற விரல்களை மடக்கினால் அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைப் பைக்குள் போகாது, ஸ்டியரிங்கில் மாட்டிக்கொள்ளும். இதைவிட மோசம் ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் தசைநாண்கள் உள்ளே ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று சிக்கிக்கொண்டால் பக்கத்து விரல்களும் முழுதாக மடங்கா. நாளாக நாளாக அவையும் இறுகிவிடும்.

முதல் நாள் மிஸ் கேட்டார், “ஆருக்கு?”

அவர் யோசிக்கவே இல்லை. “எம் மகளுக்கு, மிஸ். கோகிலாவுக்கு. தையில கல்யாணம்.” சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து வைத்தார். அளவு எடுத்தே கொண்டுவந்துவிட்டார்! வெளியே காத்திருந்த வேறொருவரிடம் இங்கே என்ன கேட்பார்கள் என்று விசாரித்திருக்கிறார்.

ஆடி மாதத்துக் கிளினிக்கில் அறுவை மருத்துவர் முடிவைச் சொன்னார். மூன்றாவது அறுவையால் பயனில்லை. விரலை எடுத்துவிடலாம். வெறும் விரலை மட்டும் எடுத்தால் பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓட்டை இருக்கும். உள்ளங்கையில் ஏந்தும் சில்லறைகூட அதன் வழியே விழுந்துவிடும். அதனால் உள்ளங்கை எலும்போடு சேர்த்து எடுத்து, சுண்டுவிரலை நடுவிரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தைத்துவிடுவோம். கை நன்றாக மூடும், லோரியும் ஓட்டலாம் என்றார். கம்பெனி மருத்துவர் இப்போதிருக்கும் கையோடு ஓட்ட அனுமதிக்கமாட்டார் என்பதும் தெரிந்ததுதான்.

தனபால் அண்ணன் முடியாது என்றார். ஏன் என்று டாக்டரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான், பாசித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

“சார், தாரை வார்க்கிறப்ப ஐயர் தர்ப்பைய எந்த விரல்ல போடுவாரு?”

“மோதிர விரல்ல.”

“அதான். எங்கண்ணன் சொல்லிட்டாரு. அங்கக்குறை உள்ளவன் மணையில உட்காந்து பொண்ணக் குடுக்கக் கூடாதாம். விரல எடுத்துட்டா அவருதான் உட்காருவாராம். என் மகள, சார். நான் வளத்த மகள நான் பந்தல்ல நின்னு வேடிக்கை பாக்கணுமா?”

“கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துக்கலாமே அண்ணே?” என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவருடைய நடுவிரலும் சுண்டுவிரலும் வாராவாரம் இறுகுவதை அளந்து எழுதுகிறவனே நான்தான். தைவரை காத்திருந்தால் எடுத்த பிறகும் அந்தக் கை மூடாது. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாசி கோத்தார். கல்லில் போய் முட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

மிஸ்ஸிடம் போய்ப் புலம்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “கலியாணம் செய்துவைக்கிற ஐயரைக் கேட்டனீரோ?”

யாருமே கேட்டிருக்கவில்லை! அண்ணன் சொன்னார், தம்பி நம்பினார், நானும் நம்பினேன். வேலை முடிந்ததும் தனபால் அண்ணனை என் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குருக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் யாரிடமோ வாழைக்கன்று கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை நின்றோம். பிறகு நான்தான் கேட்டேன். குருக்கள் தனபால் அண்ணனின் கையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “அதெல்லாம் அன்னைக்குப் பாத்துக்கலாம்லா” என்றார். அதற்குள் மறுபடி போன் அடித்தது.

‘பாத்துக்கலாம்’ என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? திரும்பி வரும்போது தனபால் அண்ணன் இடது கையால் அந்த விரலைப் பொத்திப் பிடித்தபடியே வந்தார். விரலை எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

அடுத்த வாரம் கோகிலா கூட வந்திருந்தாள். சுபாங் ஜெயாவில் ஏதோ அலுவலகத்தில் வேலை. அன்று விடுப்பு எடுத்து அப்பாவை அழைத்து வந்தாள். அவளுக்கு அண்ணன்-தம்பி பேச்சு எதுவும் தெரியாது. அப்பா வெள்ளைக் கண்ணாடிப் பாசியில் இரண்டாம் வரிசை கோப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உணர்ச்சியில்லாத விரலுக்கு நான் தோல் உறை தைத்துக் கொடுத்திருந்தேன். இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர் அதைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் அடுத்த மேசையில் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா” என்றாள். “ஊசி ஒங்க விரல்ல இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். ஊசி பாசிக்குள்ளே போய், அந்தப் பக்கம் மோதிர விரலில் ஏறி நின்றது. வெள்ளைப் பாசிகளில் நாலைந்து சிவந்திருந்தன. அவர் இன்னும் நூலை இழுத்துக்கொண்டிருந்தார், ஏன் வரவில்லை என்று யோசித்தபடி. மகள் சொன்ன பிறகு குனிந்து அந்த விரலைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஊசியை எடுத்துக் காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிட்டது. யார் சொன்னது என்று நினைக்கிறீர்கள்? நான்தான். சொல்லக் கூடாதுதான், நோயாளியின் பேச்சு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் சொல் என்று இருந்தது, அதனால் சொன்னேன். பெரியப்பா, தர்ப்பை, தாரை, எல்லாம்.

கோகிலா அழவில்லை. கோபம்தான் வந்தது.

“இந்த வெரலுக்காகவா அப்பா? ஊசி குத்துனாகூடத் தெரியாத வெரலுக்காகவா?”

“பெரியப்பா சொல்றாரும்மா... சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க...”

“நீங்க உட்காரலன்னா நான் மணவறையில உட்காரமாட்டேன். அவ்ளோதான். பெரியப்பாவ வேணும்னா மாப்பிள்ளைக்குக் கட்டிவைங்க.”

பக்கத்து மேசையில் கட்டுப் போட்டிருந்தவர் சிரித்துவிட்டார். தனபால் அண்ணனும் சிரித்தார், கண் கலங்கியபடியே. மிஸ் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. ரத்தம் பட்ட வளையலை நூலோடு எடுத்து, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டார்.

“ஐயோ மிஸ், கழுவினா போயிடுமே” என்றாள் கோகிலா.

“ரத்தம் பட்டது குப்பைக்கு. அப்பா வேற கோப்பார், நல்ல கையாலை.” விரலை எடுத்த பிறகு இருக்கப்போகும் கைதான் அந்த நல்ல கை; அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

விரலை எடுத்தார்கள். காயம் ஆறி, தழும்பு இளகி, மறுபடி மரப் பாசியிலிருந்து ஆரம்பித்தோம். நான் வேலையில் கண்ட அதிசயங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. அந்தக் கை மூடியது! விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டன. பாசி கீழே விழவில்லை. தீபாவளிக்குள் அவர் கடுகுப் பாசிக்கு வந்துவிட்டார். இரண்டு வரிசை வெள்ளை, நடுவில் ஒரு வரிசை சிவப்பு, பொத்தானும் கண்ணியும் வைத்த வளையல். முடிச்சைத் தேடி மிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. “ம்” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது. எடுக்கச் சொல்லி அழுத்தியவர்களில் நானும் ஒருவன். மணவறையில் பெரியவர்கள் தடுத்துவிட்டால்? மகள் சொன்னபடி எழுந்துவிட்டால்? கை நன்றாக மூடுகிறது என்று அப்போது யாரிடம் போய்ச் சொல்வது? “நீங்க டாக்டர் கிட்ட வேலை பாக்கிறீங்களா, புரோக்கர் கிட்டயா?” என்று என் மனைவி கேலி செய்தாள். அவளையும் அழைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனேன்.

கிள்ளானில் கோயில் மண்டபம். கூட்டம் நெரிந்தது. மணவறைக்குப் பக்கத்திலேயே பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் உட்காரத் தயாராக நிற்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கோகிலாவின் கையில் தங்க வளையல்களுக்கு நடுவே பாசி வளையல் இருந்தது. தனபால் அண்ணன் மணையில் உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்துக்கொட்டியது. பக்கத்தில் அவர் மனைவி செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கைய நீட்டுங்கோ” என்றார் குருக்கள்.

அவர் வலது கையை நீட்டினார். பெரியப்பா ஓர் அடி முன்னால் வந்தார். நான் மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது; மறுநாள் தழும்பைக் காட்டினாள். குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே, சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலில், எப்போதும் போடும் இடத்தில், தர்ப்பையை மாட்டினார். மந்திரம் நிற்கவில்லை. செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது. மகளின் கையை அப்பா பிடித்துக் கொடுத்தார்.

பெரியப்பா அப்படியே நின்றார். பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, பூ எடுத்துத் தூவினார். பாவம், அவருக்கும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது முகம்.

பந்தியில் குருக்களைத் தேடிப் போனேன். ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றி சொல்லாமல் போக மனமில்லை.

“சாமி, ரொம்ப நன்றி. அன்னைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னீங்க, சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க. விரல் இல்லாதத ஒரு பொருட்டாவே எடுத்துக்கல.”

அவர் குவளையை இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு வெரல் இல்ல?”

கை கழுவும் இடத்தில் தனபால் அண்ணன் நின்றிருந்தார். ஓடிப்போய், விரல் குறைவதைக் குருக்கள் கவனிக்கவே இல்லை என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. தன் கையை விரித்துப் பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் நிறுத்த முடியவில்லை. உள்ளேயிருந்து கோகிலா, “அப்பா, போட்டோ எடுக்கணும், வாங்கப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.